கொத்தலாவலக்கு அப்ளை பண்ணட்டா எண்டு மருமகன் கேட்டான்

அக்காட மூத்தவன் ஏஎல் எழுதிட்டு வீட்ட இருக்கான், மெட்ஸ் படிச்சவன். போனதுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் களுவாஞ்சிகுடிக்குப் போயிருந்தன், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்குள்ள திடீரெண்டு "மாமா, நான் கொத்தலாவலக்கு கெடெட்டா அப்ளை பண்ணட்டா" எண்டு கேட்டுட்டான். கொத்தலாவல எண்டா பாதுகாப்புப் பல்கலைக்கழகம், கெடெட்டாப் போனா படை அதிகாரியா வரலாம். அக்கா பீங்கான கீழ வச்சிட்டு எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா. மச்சான் ஒண்டும் பேசல்ல, சோத்தப் பிசைஞ்சுகொண்டே இருந்தார். அம்மா உள் அறையில படுத்திருந்தா, அவக்குக் காது கொஞ்சம் மந்தம், கேட்டிருக்காது எண்டு நாங்க நினைச்சம்.

பின்னேரம் கிணத்தடியில வச்சு அக்கா என்னட்ட சொன்னா, "நீதானே தாய்மாமன், நீ சொன்னாத்தான் கேப்பான், வேணாமெண்டு சொல்லு தம்பி." மட்டக்களப்பு ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, எங்களுக்குக் குடி எண்ட வம்சமே தாய் வழியாத்தான் வாறது, கலியாணம் எண்டாலும் சாவு எண்டாலும் மாமன்ட வாய்ப்பேச்சு ஒண்டு இருக்கு. ஆனா எனக்கு உடனே வேணாமெண்டு சொல்ல வாய் வரல்ல. சரியெண்டும் சொல்ல வரல்ல. பொடியன்ட கையில ஒரு சீஆர் கொப்பியக் குடுத்து, உனக்கு என்னென்ன தெரியணுமோ எல்லாத்தையும் கேள்வியா இதில எழுது, ஒவ்வொண்டாத் தேடுவம், மறுகா முடிவெடுப்பம் எண்டு சொல்லிட்டு வந்தன். இந்தப் பத்து நாளா அதுதான் என்ட வேலை. எங்கட பக்கத்தில இன்னும் எத்தனையோ வீட்டில இந்தக் கதை சோத்துப் பீங்கானோட நிண்டு போயிருக்கும், அதால எழுதி வைக்கிறன்.

முதல்ல அது என்ன இடமெண்டு. கொழும்புக்குத் தெற்கால இரத்மலானையில கந்தவளைத் தோட்டம் எண்டு பழைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலட காணி, அவர் அதை அரசாங்கத்துக்குக் குடுத்திட்டுப் போனவர். 1980ல அங்க பாதுகாப்புக் கல்விக்கழகம் தொடங்கினது, 1981ம் ஆண்டு 68ம் இலக்கச் சட்டம் வந்தது, 2007ல பல்கலைக்கழகமாக்கினாங்க. மற்ற கெம்பஸ் மாதிரி உயர்கல்வி அமைச்சுக்குக் கீழ இல்ல, பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ. துணைவேந்தரா இருக்கிறது படை அதிகாரி. படிப்பெல்லாம் இங்கிலீஷ் மீடியம்.

அங்க ரெண்டு விதமாப் போகலாம், எங்கட ஆக்கள் அனேகமா இந்த இடத்திலதான் குழம்புறது. ஒண்டு டே ஸ்கொலர், அதாவது காசு கட்டிப் படிக்கிற சிவில் பிள்ளைகள், பட்டம் முடிய அவங்கட பாட்டுல போகலாம், ஆனா லட்சக்கணக்கில கட்டணும், அது எங்கட வீட்டுக்குச் சரிவராது. மற்றது கெடெட், மருமகன் கேக்கிறது அதைத்தான். கெடெட் எண்டா படிப்புக்குக் காசில்ல, தங்குமிடம் சாப்பாடு உடுப்பு எல்லாம் அவங்க, மாசம் மாசம் சம்பளமும் வரும். ஏஎல் பாஸ் மட்டும் காணாது, உயரம், பார்வை, மெடிக்கல், ஓட்டம், இன்டர்வியூ எல்லாம் இருக்கு, விளையாட்டுச் சேட்டிபிகேட் பாப்பாங்க, கலியாணம் முடிச்சிருக்கக் கூடாது. பொதுவா மூண்டு வருஷம் இரத்மலானையில படிப்பு, அதுக்குப் பிறகு படைப் பயிற்சிக்கு எண்டு பிரிச்சு அனுப்புவாங்க, தரைப்படை எண்டா தியத்தலாவ, கடற்படை எண்டா திருகோணமலை, விமானப்படை எண்டா சீனன்குடா. எஞ்சினியரிங் மாதிரிப் படிப்புகளுக்குக் காலக்கணக்கு கொஞ்சம் வேற. முடிவில பட்டமும் கிடைக்கும், தோளில நட்சத்திரமும் ஏறும்.

நான் கவனிச்ச ஒரு விசயம். வெளிநாட்டில, அமெரிக்காவில எல்லாம் பிள்ளைகள் இப்பிடியான இடத்துக்குப் போறதுக்குப் பெரிய காரணம் கெம்பஸ் பீஸ் கட்ட ஏலாதது. எங்களுக்கு அப்பிடியில்ல. கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா காலத்தில இருந்து படிப்பு இலவசம், கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைக்குப் போனாலும் பேராதனைக்குப் போனாலும் படிப்புக்குக் காசு கேக்கமாட்டாங்க. அப்ப கொத்தலாவல இலவசம் எண்டு சொல்றதில எங்களுக்கு என்ன புதுசு? அங்க கிடைக்கிறது இலவசம் இல்ல, ஒரு சீட். எஞ்சினியரிங்குக்கு இசட் ஸ்கோர், அதாவது கெம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏஎல் புள்ளி, கொஞ்சம் இறங்கினாலும் இங்க கதவு மூடிரும், நாடு முழுக்க உள்ள திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 எண்டு பிரிச்சும் எங்கட பிள்ளைகள் எத்தனை பேர் தவறிப் போறாங்க. ரெண்டாவது காலம். ஏஎல் எழுதி, ரிசல்ட் வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கெம்பஸ் திறக்கிற நேரம் பிள்ளைக்கு இருபது இருபத்தொண்டு ஆகிரும், அதுக்குள்ள ஸ்ட்ரைக், மூடல், நாலு வருசப் பட்டத்த ஆறு வருசமா முடிச்ச ஆக்கள என்ட வீதியிலயே காட்டுவன். மூண்டாவது சம்பளம்.

மருமகன் இதையெல்லாம் என்னட்ட சொல்லல்ல, ஆனா எனக்கு விளங்குது. மச்சான் மேசன் வேலை, 2022ல சீமெந்து விலை ஏறி வேலையெல்லாம் நிண்டுபோன காலத்தில வீட்ட என்ன நடந்தது எண்டு அவன் கண்ணால பாத்தவன், அப்ப ஓஎல் படிக்கிற வயசுதான். அவனுக்குக் கீழ ரெண்டு பொம்புளப் பிள்ளைகள். ஒரு பிள்ளை பதினெட்டு வயசில தன்ட படிப்பத் தானே சுமக்கிறன், மேலால வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புறன் எண்டு கணக்குப் போட்டிருக்கான். அதை நாங்க துரோகம் மாதிரிப் பாக்கிறது நியாயமில்ல.

இன்னொண்டும் இருக்கு. அவனுக்குச் சின்ன வயசில இருந்து பிளேன் பைத்தியம். திமிலதீவுப் பக்கம் இறங்குற பிளேனப் பாக்கிறதுக்கெண்டே என்ட சைக்கிள்ல பின்னால இருந்து வலையிறவுப் பாலத்துக்கு வருவான். கொத்தலாவலயில ஏரோநோட்டிக்கல் எஞ்சினியரிங் இருக்கு. கொப்பியில முதலாம் கேள்வியே அதுதான், "ஏரோநோட்டிக்கல் எடுக்கிற கெடெட் எல்லாம் எயார்ஃபோர்ஸ் தானா?"

வேற வழி இல்லையா எண்டா இருக்கு, அதையும் எழுதச் சொன்னன். வந்தாறுமூலையில பௌதிக விஞ்ஞானம் கிடைக்கலாம். ஒலுவில்ல எஞ்சினியரிங் பீடமே இருக்கு. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில எச்என்டி எண்ட எஞ்சினியரிங் டிப்ளோமா செய்யலாம், அதை முடிச்ச எங்கட பக்கத்துப் பொடியன்மார் எத்தனையோ பேர் நல்ல வேலையில இருக்கிறாங்க, ஆனா பட்டமில்லை எண்டு எங்கட ஆக்கள் அதை மதிக்கிறதில்ல, அது எங்கட பிழை. தனியார் கெம்பஸுக்கு வட்டியில்லாக் கடன் 2017ல இருந்து அரசாங்கம் குடுக்குது, அதுவும் பாக்கலாம். இதெல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் கெடெட் எண்டது அவனுக்கு உண்மையில வேணுமா இல்ல பயத்தில பிடிக்கிற கொம்பா எண்டு தெரியும்.

இனி அவன் எழுதாம விட்ட கேள்விகள். அதுகள நான்தான் எழுதினன்.

பொண்ட். இதுதான் முக்கியம், இதை ஆறுதலா வாசிக்காம ஒருத்தரும் கையெழுத்து வைக்கக் கூடாது. பட்டம் முடிச்சிட்டு இத்தனை வருஷம் சேவை செய்யணும் எண்டு ஒப்பந்தம், நடுவில விட்டா செலவழிச்ச காசத் திருப்பிக் கட்டணும், சும்மா காசில்ல அது, பெத்தவங்களும் பிணை நிக்கிற ஆக்களும் சேந்து மாட்டுவாங்க. மச்சான்ட மேசன் சம்பளத்தில அதைக் கட்ட ஏலாது. அப்ப பதினெட்டு வயசில வைக்கிற ஒரு கையெழுத்து முப்பது வயசு மட்டும் அவன் எங்க இருக்கிறது எண்டதத் தீர்மானிக்கும். முப்பது வயசில நான் யாரா இருப்பன் எண்டு எனக்குப் பதினெட்டில தெரியாது, அவனுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?

பேச்சு. படையில சேந்த ஆளுக்கு அரசியலமைப்பில உள்ள அடிப்படை உரிமைகளயே சட்டத்தால கட்டுப்படுத்தலாம், 15ம் உறுப்புரையில அது இருக்கு. பேச்சுச் சுதந்திரம், ஒண்டு கூடுற உரிமை, சங்கம் சேருற உரிமை. மருமகன் சும்மா இருக்கிற ஆளில்ல. வகுப்பில பிழையெண்டு பட்டா எழும்பிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வாறவன். மேல இருந்து ஒரு கட்டளை வந்தா, அது பிழையெண்டு அவன்ட மனசு சொன்னா, என்ன செய்வான்? இதைக் கேட்டன். "அப்ப பாப்பம் மாமா" எண்டான். அப்ப பாக்க ஏலாது மனே, இப்பதான் பாக்கணும் எண்டு சொன்னன்.

தொழில். 2023 தொடக்கத்தில பாதுகாப்பு அமைச்சு சொன்னது இராணுவத்த 2030க்குள்ள ஒரு லட்சம் பேராக் குறைக்கிறதெண்டு, அந்த நேரம் அனுமதிச்ச தொகை ரெண்டு லட்சத்துக்கு மேல. நாட்டுக்கு நல்ல விசயம், காசு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகணும் எண்டுதான் நானும் சொல்றன். ஆனா சுருங்கிக்கொண்டு போற ஒரு இடத்துக்குள்ள நுழையிற பிள்ளை, பதவி உயர்வு எப்பிடி வருமெண்டு யோசிக்கத்தான் வேணும். எஞ்சினியர் மாதிரி தொழில்நுட்பப் பக்கம் எண்டா வெளிய வந்தாலும் கையில தொழில் இருக்கும், சாதாரண காலாட்படை அதிகாரிக்கு அப்பிடியில்ல.

பாஷை. பாடம் இங்கிலீஷ்ல எண்டாலும் மைதானத்தில, மெஸ்ஸில, இரவு அறையில நடக்கிறது சிங்களம். இவனுக்குச் சிங்களம் கடைக்குப் போய் சாமான் வாங்குற அளவுதான். முதல் ஆறு மாசம் ஓடுறதவிட விளங்கிக்கொள்ளுறதுதான் களைப்பா இருக்கும். அது படிக்கலாம், எங்கட ஆக்கள் அம்பாறையில, மஹாஓயாவில வேலைக்குப் போய் ரெண்டு வருசத்தில படிச்சிருக்காங்க. ஆனா இத்தனை பேருக்க நீ ஒருத்தன், ரெண்டு பேர் தமிழா இருக்கக்குள்ள, உன்ட பேரையே வேற மாதிரிக் கூப்பிடுவாங்க, அதையெல்லாம் தாங்கிக்கொண்டு நீ நீயாவே இருக்கணும்.

இந்த இடத்தில அவன் கேட்டான், "தமிழாக்கள் ஒருத்தரும் பெரிய பதவிக்கு வந்ததில்லையா மாமா?" அவனுக்குத் தெரியாது. எங்கட பிள்ளைகளுக்கு இதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல. இலங்கை இராணுவத்துக்கு முதல்முதல் தளபதியா வந்த இந்த நாட்டு ஆளே தமிழர்தான், அன்டன் முத்துக்குமாரு, 1955ல. அந்த நேரம் பிரதமர் வேற யாருமில்ல, இதே சேர் ஜோன் கொத்தலாவல. கடற்படையில ராஜன் கதிர்காமர் 1960ல இருந்து 1970 மட்டும் பத்து வருஷம் தளபதி. அப்பிடி இருந்த இடம்தான். நடுவில 1956 வந்தது, தனிச்சிங்களச் சட்டம் வந்தது, 1962ல படை அதிகாரிகள் சிலர் ஆட்சியக் கவுக்கப் பாத்த முயற்சி தோத்தது, அதுல அனேகமாக் கிறிஸ்தவ ஆக்கள், சிங்களவர் தமிழர் பறங்கியர் எல்லாரும் இருந்தவங்க, அதுக்குப் பிறகு அதிகாரிகளச் சேர்க்கிறதே மாறிப்போனது. மறுகா சண்டை. மறுகா அந்த உடுப்பு எங்கட ஊருக்குள்ள எப்பிடி வந்ததெண்டு எங்களுக்குத் தெரியும். மருமகன் அந்த ரெண்டு பேரையும் கொப்பியில எழுதிக் கீழ கோடு போட்டான்.

அவன் பிறந்தது 2007, குடும்பிமலையில சண்டை முடிஞ்ச வருஷம். கிழக்கில சண்டை எண்டத அவன் கண்டதே இல்ல. அவனுக்கு அந்த உடுப்பு எண்டா வெள்ளம் வந்தா போட்ல வாற ஆக்கள், செக்பொயிண்ட்ல ஐசி கேட்டவங்க, அவ்வளவுதான். எனக்கு அப்பிடியில்ல. அம்மாக்குச் சொல்லவே தேவையில்ல.

அம்மாட தம்பி, என்ட தாய்மாமன், 1990ல காணாமப் போனவர். உடுப்புப் போட்ட ஆக்கள் வந்து விசாரிக்கிறமெண்டு கூட்டிப்போனாங்க, அவ்வளவுதான் எங்கட வீட்டுக்குத் தெரியும். அப்ப அவருக்கு இருபது வயசு, கெம்பஸ் கிடைச்சு கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்த அம்மா இன்னும் அலுமாரிக்குள்ள பொலித்தீன் பேக்கில சுத்தி வச்சிருக்கா. படம் சுவரில இருக்கு, மாலை போட விடமாட்டா. எங்களுக்கு மாமன் இல்லாமத்தான் அக்காட கலியாணம் நடந்தது, அந்த இடத்தில நிக்க ஆளில்லாம தூரத்து மாமன் ஒருத்தரக் கூட்டிவந்தம்.

கெம்பஸ் எண்டா பாதுகாப்பு, படைக் கல்லூரி எண்டா ஆபத்து எண்டு அக்கா சொல்றா. எங்கட ஊருக்கு அந்தக் கணக்கும் சரிவரல்ல. வந்தாறுமூலை வளாகம் 1990ல அகதி முகாமா இருந்தது, பயந்து ஓடிவந்த சனம் அங்க பாதுகாப்பு எண்டு இருந்தது, செப்டம்பர் 5ம் திகதி அங்க இருந்து 158 பேரக் கொண்டு போனாங்க, ஒருத்தரும் திரும்பல்ல. மருமகன் அந்த கெம்பஸுக்குப் போனாலும் அந்த வாசலாலதான் உள்ளுக்குப் போகணும். எங்கட பிள்ளைகளுக்கு ஒண்டும் நடக்காத இடமெண்டு ஒரு படிப்பிடத்த என்னால காட்ட ஏலாது. அதால உடுப்ப வச்சு மட்டும் வேணாமெண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அதே நேரம் இந்தக் கதை தெரியாம அவன் அந்த உடுப்பப் போடவும் கூடாது. இதுல நான் உறுதியா இருக்கன். தெரிஞ்சு போறதும் தெரிஞ்சு விடுறதும் அவன்ட உரிமை, தெரியாமப் போனா பிழை எங்கட, வீட்டில இருந்த பெரியாக்கள்ட.

மறுபக்கம் ஒண்டும் சொல்லணும். சனத்துக்குள்ள இருந்து ஒருத்தரும் அந்த இடத்துக்குப் போகாம விட்டா அந்த இடம் எப்பயும் அவங்கட இடமாத்தான் இருக்கும். ஒரு தமிழ்ப் பொடியன் எஞ்சினியரா அங்க இருந்தா நாளைக்கு வலையிறவில நிக்கிற சோல்ஜருக்கு எங்கட மனிசர் வேற மாதிரித் தெரியலாம். அது நடக்குமெண்டு சொல்லல்ல. அந்தச் சுமைய ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளைட தலையில ஏத்துறதும் சரியில்ல, அவன் பிளேன் செய்யத்தான் போறான், இனப்பிரச்சினை தீக்கப் போகல்ல. எண்டாலும் மனசில வந்தத மறைக்க ஏலாது.

ஒரு விசயத்தில மட்டும் நான் மாறமாட்டன், மற்ற கெம்பஸ்கள் கொத்தலாவல மாதிரி ஆகக் கூடாது. 2021ல அந்தப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரா ஆசிரியர் சங்கம், மாணவர் எல்லாம் வீதிக்கு இறங்கினது நியாயம். கன்னங்கரா தந்த இலவசக் கல்வி கையெழுத்துக் கேக்காத கல்வி, அது கையெழுத்துக் கேக்காமத்தான் இருக்கணும். மருமகன் போனாலும் இதை நான் சொல்லுவன், அவனுக்கும் சொல்லிட்டன்.

நேத்து திரும்பக் களுவாஞ்சிகுடிக்குப் போனன். அக்கா முகம் குடுத்துப் பேசல்ல. நான் மருமகனிட்ட சொன்னன், எங்க எல்லாரையும் விடு, நீ அம்மம்மாட்ட நேரா போய்ச் சொல்லு, அவக்குத் தெரியாம ஒரு ஃபோமும் நிரப்ப ஏலாது. அக்கா கத்தினா, அவ தாங்கமாட்டா எண்டு. பொடியன் போனான். அம்மா வாசல் திண்ணையில கால நீட்டிக்கொண்டு வெத்திலை இடிச்சுக்கொண்டிருந்தா. அவன் பக்கத்தில குந்தி இருந்து, காதுக்குக் கிட்டப் போய், எல்லாத்தையும் சொன்னான், பிளேன், சம்பளம், உடுப்பு, பொண்ட், ஒண்டும் விடல்ல.

அம்மா இடிக்கிறத நிப்பாட்டல்ல. கனநேரம் ஒண்டும் சொல்லல்ல. பிறகு, "அண்டைக்கே கேட்டன்கா, சோத்தோட நீ கேட்டது" எண்டா. மறுபடி கொஞ்ச நேரம். "படிக்கிறதெண்டா படி. உடுப்ப மட்டும் அங்கயே கழட்டி வச்சிட்டு வா, இந்த வாசலுக்கு அதோட வராத. அவன்ட படம் இரிக்கி."

"சரி அம்மம்மா."

வெத்திலைய வாய்க்குள்ள வச்சிட்டு திரும்பக் கேட்டா, "வைகாசியில அம்மன்ட சடங்குக்கு விடுவாங்களா? குளிர்த்திக்கு நீ இல்லாட்டி ஆரு என்னக் கூட்டிப் போறது?"

அவன் என்னப் பாத்தான். மறுகா எழும்பிப் போய் கொப்பிய எடுத்துவந்து, பொண்டுக்குக் கீழ, அடுத்த நம்பர் போட்டு, குளிர்த்திக்கு லீவு கேக்கணும் எண்டு எழுதினான்.